ஆர்டிஇ சீட்டா, அரசுப் பள்ளியா: எல்கேஜியிலிருந்து கல்லூரி வரை ஒரு கணக்கு

ஏப்ரல் கடைசியில் எங்கள் தெரு இ-சேவை மையத்தில் நிற்கக்கூட இடம் இருக்காது. திருப்பூர் என்பதால் பனியன் கம்பெனி ஷிஃப்ட் விட்டதும் டிஃபன் கேரியரோடு நேராக இங்கே வந்துவிடுவார்கள். மையம் என் சித்தப்பாவுடையது. விண்ணப்பக் காலத்தில் சாயங்காலம் நான் போய் உட்கார்ந்து, ஆர்டிஇ எனப்படும் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் தரும் 25 சதவீத இலவச ஒதுக்கீட்டுக்குப் படிவம் போட்டுக் கொடுப்பேன். 2024இல் பக்கத்து லைன் வீட்டு அக்கா மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே பனியன் கம்பெனியில் பவர்டேபிள் மிஷினில் தைக்கிறவர். விவரமெல்லாம் அடித்து முடிக்கும்போது கேட்டார்: "ஏம்மா, இந்தச் சீட்டு கெடச்சா எல்லாமே ஃப்ரீயா? கவர்மெண்டு ஸ்கூல்ல படிச்சா மாசம் ஆயிரம் ரூவா தர்றாங்கன்னு எந் தங்கச்சி சொல்றா. ரெண்டுல எது புள்ளைக்கு நல்லது?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. "சீட்டு கிடைக்கட்டும்க்கா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டேன். அதன் பிறகு அந்தக் கேள்வியை நான் விடவில்லை. விதிகளைப் படித்தேன், வருகிறவர்களிடம் செலவைக் கேட்டு எழுதி வைத்தேன். இரண்டு வருடத்தில் எனக்குத் தெளிவானதைத்தான் இங்கே எழுதுகிறேன். மாதச் சம்பளம் பதினைந்தாயிரம், இருபதாயிரத்துக்குள் ஓடும் வீட்டுக்கு இந்த முடிவு சின்ன விஷயம் இல்லை.

கண்டுகொண்டதில் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் எல்லோரும் எல்கேஜி சேர்க்கையைத்தான் பெரிய முடிவு என்று நினைத்து ராத்தூக்கம் கெடுகிறோம். அரசு உதவியைப் பொறுத்தவரை பெரிய முடிவுகள் ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும்தான் இருக்கின்றன. அந்த இரண்டு வருடங்களிலும் இ-சேவை மையத்துக்கு யாரும் வருவதில்லை.

இலவசச் சீட்டில் எது இலவசம்

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் தவிர்த்த தனியார் சுயநிதிப் பள்ளிகள் எல்லாம், எல்கேஜியோ ஒன்றாம் வகுப்போ எது அவர்களின் நுழைவு வகுப்போ, அதில் நான்கில் ஒரு பங்கு இடத்தை இந்த ஒதுக்கீட்டில் நிரப்ப வேண்டும். அந்தப் பிள்ளைகளின் கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பித் தருகிறது. தமிழ்நாட்டில் இரண்டு வழியாக விண்ணப்பிக்கலாம். ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருந்தால் நலிவடைந்த பிரிவு. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதி, பழங்குடியினர், ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத் திறனாளிகள், தூய்மைப் பணியாளர் பிள்ளைகள் ஆகியோர் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு. இந்த இரண்டாவது பிரிவுக்கு வருமான வரம்பே கிடையாது. சாதிச் சான்று கையில் இருந்தும், வருமானச் சான்றுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு நாலு நாள் சம்பளத்தை விட்டு அலைந்தவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். வயிறு எரிகிறது.

வீட்டிலிருந்து பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். ரேஷன் கார்டு ஆண்டிபட்டியிலோ உசிலம்பட்டியிலோ இருக்கும், ஆள் திருப்பூர் வாடகை வீட்டில் இருப்பார். அந்த அக்கா கேஸ் இணைப்புக்காக முந்தின வருடமே ஆதாரில் முகவரி மாற்றியிருந்தார், தப்பித்தார். மாற்றாதவர்கள் ஏப்ரலில் வந்து கேட்டால் நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. ஜனவரியிலேயே முகவரியைச் சரிசெய்து வையுங்கள். இடங்களைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். மே கடைசியில் அக்காவின் மகளுக்குக் குலுக்கலில் சீட்டு விழுந்தது. லைன் வீட்டுக்கே கேசரி வந்தது.

அடுத்த வருடம் ஏப்ரலில் அவர் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். கட்டணம் என்று ஒரு பைசா வாங்கவில்லை, உண்மை. புத்தகம், நோட்டு, டைரி எல்லாம் சேர்த்து 4,200. சீருடை இரண்டு செட், ஷூ, டை, ஐடி கார்டு 3,100. பள்ளி நடக்கிற தூரம்தான், ஆனால் இரண்டு பேரும் எட்டரைக்குக் கம்பெனியில் இருக்க வேண்டும் என்பதால் ஷேர் ஆட்டோ மாதம் 600, பத்து மாதத்துக்கு 6,000. மொத்தம் 13,300 ரூபாய். ஆண்டு விழா உடை, பிறந்தநாள் சாக்லேட் எல்லாம் அவர் நோட்டில் எழுதவில்லை.

சட்டத்தின் நோக்கப்படி புத்தகமும் சீருடையும்கூடப் பெற்றோர் தலையில் விழக்கூடாது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றமும் அந்தச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. நடைமுறையில் பள்ளி கேட்கிறது, நாமும் கட்டுகிறோம். "சீட்டு குடுத்ததே பெருசு, இதப் போயி கேக்கறதா" என்ற கூச்சம்தான் காரணம். சட்டம் கொடுத்த உரிமையை யாரோ போட்ட பிச்சை மாதிரி நினைத்துத் தலைகுனிந்து நிற்கிற பெற்றோரைப் பார்க்கும்போது எனக்குத் தாங்குவதில்லை.

இன்னும் மூன்று விஷயங்களைச் சேர்க்கும்போதே கேட்டுவிட வேண்டும். முதலாவது, அந்தப் பள்ளி எத்தனையாவது வரை இருக்கிறது? நர்சரி பிரைமரிப் பள்ளியாக இருந்தால் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. வேறொரு தனியார் பள்ளிக்கு அந்த இலவசத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. நுழைவு வகுப்பில் சேர்கிறவர்களுக்குத்தான் ஒதுக்கீடு. இரண்டாவது, எட்டாம் வகுப்போடு சட்டத்தின் பாதுகாப்பு நின்றுவிடும். ஒன்பதாவதிலிருந்து முழுக் கட்டணம். மூன்றாவது, வீடு மாறினால் என்ன செய்வது என்று யோசித்து வையுங்கள். லைன் வீட்டில் இருப்பவர்கள் மூன்று வருடத்துக்கு ஒரு முறையாவது வீடு மாறுகிறார்கள். சீட்டு பள்ளியோடு கட்டப்பட்டது. நீங்கள் ஊரின் மறுமுனைக்குப் போனாலும் பிள்ளை அங்கேயேதான் போய் வர வேண்டும்.

அப்புறம் 2025. அந்த வருடம் ஏப்ரலும் போனது, மேயும் போனது, விண்ணப்பம் திறக்கவே இல்லை. புதிய கல்விக் கொள்கை தொடர்பான இழுபறியில் ஒன்றிய அரசு, பள்ளிக் கல்விக்காக மாநிலங்களுக்குத் தரும் சமக்ர சிக்ஷா நிதியைத் தராமல் நிறுத்தி வைத்திருந்தது. கல்வி உரிமைச் சட்டத்துக்கான நிதியை அந்தக் கொள்கையோடு முடிச்சுப் போடத் தேவையில்லை என்று ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நிதி வந்து சேர்க்கை தொடங்கியபோது அக்டோபர் ஆகிவிட்டது. அதற்குள் பெற்றோர் கடன் வாங்கிக் கட்டணம் கட்டி எங்கெங்கோ சேர்த்துவிட்டார்கள். இது சட்டப்படியான உரிமை, நிச்சயம் வரும். ஆனால் ஜூன் மாதத்தில் வருமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கையில் இன்னொரு வழியை வைத்துக்கொண்டுதான் காத்திருக்க வேண்டும்.

அதே லைன் வீட்டில் இன்னொரு பிள்ளை

அக்காவின் தங்கையும் இரண்டு கதவு தள்ளித்தான் இருக்கிறார், செக்கிங் வேலை. அவருடைய பையன் 2025இல் எல்கேஜி வயதுக்கு வந்தான். விண்ணப்பம் திறக்காததால் ஜூன் வரை பார்த்துவிட்டு, நடுநிலைப் பள்ளி வளாகத்தில் அங்கன்வாடியோடு நடக்கிற எல்கேஜியில் விட்டார். 2019இல் தொடங்கியபோது மாநிலம் முழுவதும் 2,381 மையங்களில் இந்த வகுப்புகள் வந்தன. எல்லா ஊரிலும் இல்லை, உங்கள் பகுதியில் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்.

அந்தப் பள்ளியில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிடைப்பதை ஒரு நாள் தங்கையோடு போய் உட்கார்ந்து எழுதினோம். புத்தகம், நோட்டு, பை, காலணி இலவசம். எட்டாம் வகுப்பு வரை சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு வருடம் நான்கு செட் சீருடை. பஸ் பாஸ். மதியம் முட்டையோடு சாப்பாடு. ஒன்று முதல் ஐந்து வரை காலை உணவும் உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, அடுத்த ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த திட்டம் அது. உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறி சாம்பார் என்று நாளுக்கு ஒன்று.

காலை உணவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ரூபாயில் எழுதினால் பெரிய தொகை வராது. ஆனால் எட்டரைக்கு மிஷினில் உட்கார வேண்டிய அம்மாவுக்கு அது ஒரு மணி நேரம். ஐந்தரைக்கு எழுவதா, ஆறரைக்கு எழுவதா என்கிற வித்தியாசம். பிள்ளை சாப்பிட்டதா என்ற கவலை இல்லாமல் வேலை பார்க்கலாம். எந்த உதவித்தொகையும் இந்த நிம்மதியைத் தராது என்று எனக்குப் படுகிறது. தங்கையின் பையன் ஒன்றாம் வகுப்புக்குப் போகும் வருடத்துக்காக அவர் காத்திருப்பதே இதற்காகத்தான்.

இன்னொரு உதவியை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். அரசு அல்லது உதவி பெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ, வருமானம் ஈட்டுகிறவர், விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 75,000 ரூபாய் பிள்ளையின் பெயரில் வைப்பாகப் போடப்படும். சென்ற வருடம் எங்கள் தெருவில் பைக் விபத்தில் கணவரை இழந்த ஒரு பெண்ணுக்குப் பள்ளித் தலைமை ஆசிரியை சொல்லித்தான் இது தெரிந்தது. அவரே படிவத்தை எழுதிக் கொடுத்து அனுப்பினார். ஆர்டிஇ சீட்டில் தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இது கிடையாது.

அரசுப் பள்ளியின் குறையை மறைத்து எழுதினால் நான் பொய் சொன்னவளாவேன். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள் இருக்கும் தொடக்கப் பள்ளிகள் நிறைய. ஒருவர் பயிற்சிக்குப் போனால் அன்று ஒரே ஆள்தான். கழிப்பறை எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டுச் சேர்க்க வேண்டிய பள்ளிகளும் உண்டு. ஆகவே "அரசுப் பள்ளி நல்லதா" என்று பொதுவாகக் கேட்பதில் பயன் இல்லை. உங்கள் தெருமுனைப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள் என்று கேளுங்கள். ஒரு வேலை நாளில் பதினொரு மணிக்குப் போய் வாசலில் பத்து நிமிடம் நின்றாலே விளங்கிவிடும்.

எதோடு ஒப்பிட்டு இலவசம்?

அக்காவின் நோட்டை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்குப் போட்டோம். அந்தப் பள்ளியின் கட்டணம் வருடம் சுமார் 15,000. எல்கேஜி முதல் எட்டாவது வரை பத்து வருடம், கட்டணம் ஏறாது என்றே வைத்தாலும் ஒன்றரை லட்சம் மிச்சம். அக்கா முகம் மலர்ந்தது. அடுத்து அவருடைய 13,300ஐப் பத்தால் பெருக்கினோம். 1,33,000 ரூபாய். அது அவர் கையிலிருந்து போகிற பணம். அரசுப் பள்ளியில் விட்டிருந்தால் அநேகமாகப் போகாத பணம்.

எப்படியும் தனியார் பள்ளியில் பணம் கட்டியாவது சேர்ப்பேன் என்று இருந்த குடும்பத்துக்கு ஆர்டிஇ ஒன்றரை லட்ச ரூபாய் வரவு. பக்கத்தில் நல்ல அரசுப் பள்ளி இருந்தும் "ஃப்ரீயா கிடைக்குதே" என்று சீட்டு வாங்கிய குடும்பத்துக்கு அதுவே 1,33,000 ரூபாய் செலவு. விண்ணப்பிக்கும் முன் நீங்கள் இதில் எந்தக் குடும்பம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஆங்கிலப் பேச்சும், சின்ன வகுப்பும் அந்தச் செலவுக்குத் தகுந்தவை என்று நினைத்தால் தாராளமாகச் சேருங்கள். அது நியாயமான ஆசை. தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

பணம் கையில் வருகிற வருடங்கள்

தங்கை சொன்ன மாதம் ஆயிரம் ரூபாய் பள்ளியில் தருவதில்லை. நிறையப் பேர் இதைத் தவறாகப் புரிந்திருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துவிட்டு, கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐடிஐயிலோ சேர்ந்தபின் படிப்பு முடியும் வரை மாதம் 1,000. பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 முதல், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9 முதல். மூன்று வருடப் பட்டப்படிப்பு என்றால் 36,000 ரூபாய். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதுவும் உண்டு. முன்பு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் பெண்ணின் கல்யாணத்துக்குத் தாலிக்குத் தங்கம் கொடுத்தார்கள். அதே பெயரில் இப்போது படிப்புக்குக் கொடுக்கிறார்கள். இந்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது.

பள்ளியில் படிக்கும்போதே வருகிற பணமும் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு. ஆசிரியர்கள் என்எம்எம்எஸ் என்பார்கள். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000, நான்கு வருடத்தில் 48,000. பெற்றோர் வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அரசு, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள்தான் எழுதலாம். தனியார் பள்ளிப் பிள்ளை எவ்வளவு ஏழையாக இருந்தாலும் உட்கார முடியாது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகளுக்கு இடைநிற்றலைத் தடுக்க 1,500, 1,500, 2,000 என்று மொத்தம் 5,000 ரூபாய். பதினொன்றாவதில் சைக்கிள். அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு வந்தால் முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு எழுதலாம். ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து, பட்டம் முடிக்கும் வரை வருடம் 10,000 தருகிறார்கள்.

இதில் தேர்வு எழுதி வாங்குவதைக் கணக்கில் வைத்து வீட்டுச் செலவைத் திட்டமிடாதீர்கள். எல்லாப் பிள்ளைக்கும் நிச்சயமாக வருவது அந்த 5,000மும், கல்லூரி சேர்ந்தால் 36,000மும்தான். மொத்தம் 41,000. என்எம்எம்எஸ்ஸும் கிடைத்தால் 89,000.

எல்லாவற்றையும்விடப் பெரியது ரூபாயில் எழுத முடியாதது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பல் மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. நீட் எழுதித் தேர்ச்சி பெற வேண்டும், ஆனால் போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள்ளேயே. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரித்தார்கள். இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். நான்கு வருடப் பொறியியலுக்கு ஒரு தனியார் கல்லூரி வாங்குவதை விசாரித்துப் பாருங்கள். எல்கேஜி கட்டணத்தைப் பற்றிய பேச்சே அடங்கிவிடும்.

ஆறும் ஒன்பதும்

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், 7.5 சதவீதம் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தாய் என்பதுதான். ஒன்று முதல் ஐந்து வரை எங்கே படித்தாலும் கேள்வி இல்லை. பணம் கட்டித் தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளையை அரசுப் பள்ளிக்கு மாற்ற நினைத்தால் ஐந்தாம் வகுப்பு முடிந்த ஜூன்தான் கடைசி நாள். "ஆறாவது வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்" என்று ஒரே ஒரு வருடம் தள்ளினால் எல்லாம் போயிற்று. ஏழாவதில் கட்டணம் கட்ட முடியாமல் அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளை, ஒரு வருடக் குறையால் கல்லூரியில் ஆயிரம் ரூபாய் கிடைக்காமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆறாம் வகுப்புக்கு அவர்கள் கட்டியது கடன் வாங்கிய பணம்.

ஆர்டிஇ பிள்ளைக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. அவர்கள் எட்டு வரை தனியார் பள்ளியில் அந்த ஒதுக்கீட்டில் படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் அரசுப் பள்ளி மாணவராகவே எண்ணப்படுவார்கள். மாதம் ஆயிரமும் உண்டு, 7.5 சதவீதமும் உண்டு. இந்த ஒரு வரியை அக்காவுக்குச் சொன்னபோது, "இத ஏம்மா சீட்டு குடுக்கும்போதே சொல்ல மாட்டேங்கிறாங்க?" என்றார். அதையேதான் நானும் கேட்கிறேன். ஒன்பதாவதில் பள்ளி முழுக் கட்டணம் கேட்கும், அதுவரை அங்கேயே படித்த பிள்ளையை மாற்ற மனசு வராது, உறவுக்காரர் என்ன சொல்வார்களோ என்று நகையை அடகு வைத்துக் கட்டுவார்கள். அந்த நான்கு வருடத்துக்குக் கட்டிய பணமும் போய், கல்லூரி வாசலில் இருந்த உதவியும் போகும். அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகளும் இருக்கின்றன, மீடியம் மாறிவிடுமே என்ற பயம் வேண்டாம். ஆர்டிஇயில்தான் சேர்ந்தார் என்பதற்கான சேர்க்கைத் தாளை பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். பதினான்கு வருடம் கழித்து அதைக் கேட்பார்கள்.

ஒன்பதாவதில் பிள்ளைக்கு இது லேசான மாற்றமாக இருக்காது. பதினான்கு வயதில் தோழிகளை விட்டு வர வேண்டும். ஏழாவதிலேயே பேசத் தொடங்குங்கள். பணம் இல்லாததால் இறக்கிவிட்டார்கள் என்று பிள்ளை நினைத்துவிடக் கூடாது. உனக்காக வைத்திருக்கிற வழி இது என்று தெரிய வேண்டும்.

உதவி பெறும் பள்ளியில் ஒரு வார்த்தை

மூன்றாவது வழியை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். அரசு சம்பளம் கொடுத்து, தனியார் நிர்வாகம் நடத்தும் உதவி பெறும் பள்ளிகள். பல ஊர்களில் நூறு வருடப் பெயர் உள்ளவை. சத்துணவு, என்எம்எம்எஸ், 5,000 ரூபாய், சைக்கிள், விபத்து உதவி எல்லாம் இங்கேயும் உண்டு. காலை உணவு கிராமப்புறத்தில் 2024இலும் நகர்ப்புறத்தில் 2025இலும் வந்துவிட்டது. மாதம் ஆயிரமும் உண்டு, ஆனால் தமிழ் வழியில் படித்தால் மட்டும். அதே வளாகத்தில் நடக்கும் ஆங்கில வழிப் பிரிவு பெரும்பாலும் சுயநிதியாக இருக்கும். ஒரே கேட், ஒரே சீருடை, ஒரே தலைமை ஆசிரியர், ஆனால் சலுகை இல்லை. சேர்க்கும்போது "இது எய்டட் செக்‌ஷனா, செல்ஃப் ஃபைனான்ஸா" என்று வாய்விட்டுக் கேளுங்கள். 7.5 சதவீதம் மட்டும் உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது. பிள்ளை ஆர்ட்ஸ் காலேஜ் பக்கம் போவாள் என்றால் இதனால் பெரிய இழப்பில்லை. டாக்டர், இன்ஜினியர் ஆசை இருந்தால் யோசிக்க வேண்டும்.

தமிழ் வழிக்கு இன்னொரு பலனும் இருக்கிறது. மாநில அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி என்பதற்குச் சான்று கேட்கிறார்கள். டிஎன்பிஎஸ்சி எழுதுகிற என் சித்தி மகளுக்கு இது கிடைக்கவில்லை. யுகேஜி முடித்து இரண்டு வருடம் ஆங்கில வழியில் படித்துவிட்டாள்.

எந்தப் பள்ளியில் படித்தாலும் கிடைப்பவை சில இருக்கின்றன, அவற்றை இந்த முடிவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் பொறியியல் கட்டணச் சலுகை பள்ளியைப் பார்ப்பதில்லை. பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புக்கு மேல் வரும் கல்வி உதவித்தொகை இரண்டரை லட்ச வருமான வரம்பைத்தான் பார்க்கிறது. பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம் 1992 முதல் இருக்கிறது. ஒரே பெண் என்றால் 50,000, இரண்டு பெண்கள் என்றால் ஆளுக்கு 25,000 வைப்பு. அதற்குக் கணவனோ மனைவியோ குடும்பக் கட்டுப்பாடு செய்திருக்க வேண்டும், குழந்தைக்கு மூன்று வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எல்கேஜி விண்ணப்பத்துக்கு வரும்போதுதான் பலருக்கு இது தெரிகிறது, அப்போது வயது தாண்டியிருக்கும்.

இனி என் தீர்ப்பு. தெருமுனையில் ஓரளவு நடக்கிற அரசுப் பள்ளி இருந்து, அம்மாவும் அப்பாவும் காலையில் வேலைக்குப் போகிற வீடாக இருந்தால், ஒன்றாம் வகுப்பிலிருந்தே அங்கே சேருங்கள். காலை உணவு ஒன்றுக்காகவே சேர்க்கலாம். பக்கத்து அரசுப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கு ஒரே ஆசிரியர் என்றால் ஆர்டிஇ போடுங்கள், சீட்டு விழுந்தால் எட்டு வரை நிம்மதியாகப் படிக்க வையுங்கள், ஒன்பதாவதில் மாற்றுங்கள். சீட்டு விழாமல் பணம் கட்டித்தான் சேர்த்தீர்கள் என்றால் ஐந்தாவதோடு நிறுத்துங்கள். வாங்குகிற சம்பளத்தில் ஆறு முதல் பன்னிரண்டு வரை தனியார் பள்ளிக் கட்டணம் கட்டுவது, கடன் இல்லாமல் முடிகிறவர்களுக்கு மட்டும் சரி. மற்றவர்கள் வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொல்லத் தோன்றுகிறது.

அக்கா மகளை அந்தப் பள்ளியிலிருந்து எடுக்கவில்லை. பிள்ளைக்கு டீச்சரைப் பிடித்திருக்கிறது, எட்டு வரை போகட்டும் என்று முடிவு செய்திருக்கிறார். தங்கை பையன் நடுநிலைப் பள்ளியில் இருக்கிறான். சாயங்காலம் இரண்டும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து எழுதுகின்றன. அந்த ஞாயிற்றுக்கிழமை கணக்கு முடிந்ததும் அக்கா நாற்பது பக்க நோட்டின் பின் அட்டையைத் திருப்பி என்னிடம் நீட்டினார். "எனக்கு மறந்துரும்மா, நீயே பெருசா எழுது" என்றார். எழுதினேன்: 2034 ஜூன், ஒன்பதாம் வகுப்பு, அரசுப் பள்ளி.